உறைபனியில் கயோட்டிக்கும் நரிக்கும் பொறி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் சஸ்காட்செவன், மானிடோபா போன்ற புல்வெளி மாகாணங்களில் அக்டோபர் முடியும் முன்பே தரை இறுகத் தொடங்கிவிடும். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரின் பின்னால் சில குளிர்காலங்கள் நடந்து இந்த வேலையைக் கற்றேன். அதன்பின் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே மைனஸ் பத்துக்குக் கீழே போகும் நாட்களுக்கானவை.

கயோட்டி என்பது நரிதானா?

இல்லை. நம் ஊரில் நரி என்றால் பெரும்பாலும் குள்ளநரியைத்தான் நினைப்போம். கயோட்டி வட அமெரிக்காவுக்கே உரிய விலங்கு. ஓநாய்க்கும் குள்ளநரிக்கும் உறவு. எடை பொதுவாக 9 முதல் 18 கிலோ. செந்நரி அதைவிட மிகச் சிறியது, 3 முதல் 7 கிலோவுக்குள் அடங்கிவிடும். கொழுகொழுவென்று தெரிவதெல்லாம் ரோமம்தான்.

இரண்டும் ஒரே இடத்தில் ஒத்துப்போவதில்லை. கயோட்டி நரியைக் கண்டால் துரத்தும், அகப்பட்டால் கொன்றும் போடும். அதனால் கயோட்டி மிகுந்த பகுதியில் நரிகள் பண்ணை வீடுகளையும் சாலையோரங்களையும் ஒட்டியே வாழும். எங்கே எதற்குப் பொறி வைப்பது என்பதில் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

வெயில் காலத்தை விட்டுவிட்டு ஏன் இந்தக் குளிரில்?

ரோமத்துக்காக. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ரோமம் முழுமையாக அடர்ந்து நிற்கும். தோலை உரித்து உட்புறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: பருவம் வராத தோல் நீலம் கலந்த கருமையாக இருக்கும், பருவத் தோல் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். நரிக்கு ஜனவரி, பிப்ரவரியிலும் கயோட்டிக்குப் பிப்ரவரியை ஒட்டியும் இணைசேரும் காலம் வரும். அப்போது ரோமம் தேய்ந்து முறியத் தொடங்கும். அதன்பின் ரோமத்துக்காகப் பிடிப்பது ஓர் உயிரை வீணடிப்பது என்றே நினைக்கிறேன்.

ஆட்டுக்குட்டி, கன்று இழக்கும் பண்ணைகளின் கணக்கு வேறு. அங்கே கேள்வி ரோமத்தைப் பற்றியதல்ல.

குளிரில் பொறி ஏன் வேலை செய்வதில்லை?

எல்லோரும் குளிரைக் குறை சொல்கிறார்கள். குற்றவாளி ஈரம். காய்ந்த மணல் மைனஸ் முப்பதிலும் மணலாகவே உதிரும். ஈரமண்ணோ மைனஸ் இரண்டிலேயே கல்லாகிவிடும். கால்பொறியில் விலங்கு மிதிக்கும் மிதிதட்டு இறங்கினால்தான் இரு பக்கக் கவ்விகளும் எழுந்து காலைப் பிடிக்கும். தட்டின் அடியில் ஒரு கரண்டி ஈரம் புகுந்தாலும் போதும், அது இறங்காது. கவ்விகளின் மேல் மண் பாளமாக உறைந்தால் தட்டு இறங்கினாலும் கவ்வி எழாது.

என் முதல் டிசம்பரில் ஒரு காலை, மூடிய மண்ணின் நட்டநடுவில், தட்டின் மேலேயே, கயோட்டியின் பாதத்தடம் அச்சு வார்த்ததுபோல் பதிந்திருந்தது. பொறி அசையவே இல்லை. குச்சியால் ஓங்கித் தட்டினேன், அப்போதும் அசையவில்லை. வழிகாட்டிய பெரியவர் குழிக்குள் விரலை விட்டு, "நீ பொறி வைக்கவில்லை, ஐஸ் வார்த்திருக்கிறாய்" என்றார். முந்தின நாள் மதியம் வெயில் அடித்து, மேலிருந்த பனி உருகிக் கீழே இறங்கி, இரவில் உறைந்திருக்கிறது. விடாத கடுங்குளிரைவிட, பகலில் உருகி இரவில் உறையும் வாரங்கள்தான் மோசமானவை.

காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது?

ஆகஸ்ட் மாதத்துக்குப் போக வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. கோடையின் கடைசியில் வயல் மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி நன்றாகக் காயவைத்து, சல்லடையில் சலித்து, மூடியுள்ள வாளிகளில் கொட்டகைக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு பொறிக்கு ஏறக்குறைய முக்கால் வாளி பிடிக்கும். பத்துப் பொறி வைப்பவர் எவ்வளவு சுமக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய மாட்டுக்கொட்டகையின் தரையில் உள்ள தூசிமண் இன்னும் நல்லது. பல ஆண்டுகள் மழை படாதது, மாட்டு வாடையும் கலந்தது. பண்ணையில் திரியும் கயோட்டிக்கு அந்த வாடை அந்நியமாகத் தெரியாது.

மண் கிடைக்காவிட்டால் உலர்ந்த பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), பக்வீட் என்ற தானியத்தின் உமி, அறுவடை இயந்திரம் கக்கிய பதர் ஆகியவை உதவும். பீட் பாசி மிக லேசானது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மேலே கொஞ்சம் கனமான மண் தூவ வேண்டும். பதர்க்குவியலை நான் மிகவும் விரும்புவேன். அறுவடை முடிந்த வயலில் அது கிடப்பது இயல்பு, அதில் எலிகள் கூடும், எலிகளைத் தேடி நரி வரும். அதற்குள் பொறி வைத்தால் பல வாரம் உறையாமல் நிற்கும்.

மெழுகு மண் என்கிறார்களே, அது என்ன?

நன்றாகக் காய்ந்த மணலில் மெழுகுச் சீவலைக் கலந்து சூடாக்கினால், ஒவ்வொரு மணல் துகளும் மெல்லிய மெழுகுப் போர்வை போர்த்திக்கொள்ளும். தண்ணீர் ஒட்டாது, உறையாது. இருபது லிட்டர் வாளி மணலுக்குச் சுமார் ஒரு கிலோ மெழுகு போதும். ஜூலை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பி அவ்வப்போது புரட்டினாலே மெழுகு உருகிப் பரவிவிடும். அடுப்பில் செய்வதானால் நேரடி நெருப்பில் மெழுகை உருக்காதீர்கள். அது எண்ணெய்போலத் தீப்பிடிக்கும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.

மெழுகு மண் விலை கூடியது, கனமானது. மண்ணுக்குள் கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க, குழியின் அடியிலும் ஓர் அடுக்குப் போட வேண்டும். பலர் மேலே மட்டும் மூடிவிட்டு, பொறியை ஈரத்தரையில் உட்காரவைத்து ஏமாந்துபோகிறார்கள்.

உப்புப் போட்டால் ஆகாதா?

ஆகும், ஆனால் விலை உண்டு. சாதாரண உப்பு மைனஸ் பத்து வாக்கில் சோர்ந்துவிடும். கால்சியம் குளோரைடு அதைவிடக் கடுங்குளிருக்குத் தாங்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சேறாகும். இரண்டுமே இரும்பை அரிக்கும்.

உறைவதைத் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் திரவத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கார்களில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நக்கிய விலங்கைச் சிறுநீரகம் செயலிழக்கச் செய்து கொல்லும். அதைப் பொறியருகில் கொண்டுபோகவே கூடாது. அந்த வேலைக்கு நச்சில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கிறது.

பொறியை எப்படி உட்காரவைப்பது?

முதலில் பொறி தயாராக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் போக வேகவைத்து, சாயமேற்றி, கடைசியில் உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். மெழுகு துருவையும் தடுக்கும், உறைந்த மண் ஒட்டாமலும் காக்கும்.

குழித்தூண்டில் முறையைச் சொல்கிறேன், அதுவே அதிகம் பயன்படுவது. எலி வளைபோல் தோன்றும் ஒரு துளையை, 45 பாகைச் சாய்வில், ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, அதற்குள் இரையும் வாசனையும் வைப்பார்கள். துளைக்கு முன்னால் பொறி. கயோட்டிக்குத் துளையின் வாயிலிருந்து தட்டின் நடுவுக்கு 22 முதல் 25 செ.மீ.; நரிக்கு 15 முதல் 20. நேர்நடுவில் வைக்காமல், சில செ.மீ. பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். மோப்பம் பிடிக்கும்போது மூக்கு நடுவில் இருக்கும், கால் பக்கத்தில் இருக்கும்.

பொறி ஆடக்கூடாது. எந்தப் பக்கம் கை வைத்து அழுத்தினாலும் பாறைபோல் நிற்க வேண்டும். கால் பட்டுப் பொறி ஆடினால் கயோட்டி உடனே தோண்டிப் பார்க்கும், அல்லது அந்தப் பக்கமே திரும்பாது. தட்டின் மேல் மெழுகுத்தாள் விரித்து, அடியில் மண் புகாமல் கொஞ்சம் பஞ்சு வைத்து, மேலே அரை செ.மீ. கனத்துக்குக் காய்ந்த மண் சலித்துத் தூவினால் போதும். கயோட்டிப் பொறியின் தட்டை ஒன்றரை கிலோ அழுத்தத்துக்காவது இறுக்குங்கள். முயலும் ஸ்கங்க்கும் (நாற்றநீர் பீய்ச்சும் சிறு விலங்கு) மிதித்துவிட்டுப் போகட்டும், அவற்றைப் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

பொறியைத் தரையோடு பிணைக்கும் முளையை உறைந்த தரையில் அடிப்பது தனி வேதனை. அடிப்பதே கஷ்டம், பிடுங்குவது அதைவிடக் கஷ்டம். தரை இறுகும் முன்பே குழிகளைத் தோண்டி, கம்பிவட நங்கூரங்களை அடித்து, குழியில் பதரை அடைத்து வைத்துவிடுங்கள். பொறியைப் பிறகு வந்து இருத்திக்கொள்ளலாம்.

இடத்தை எப்படித் தேர்வது?

பனியே பாடம் சொல்லும். கயோட்டி ஒரே நேர்கோட்டில், எங்கோ போக வேண்டிய ஆள்போல நடக்கும். வீட்டு நாயின் தடம் அங்குமிங்கும் அலைந்து திரும்பும். நரியின் தடம் சிறியது, ஒற்றைக் கயிற்றில் கோத்ததுபோல ஒன்றன்முன் ஒன்றாக இருக்கும். குளிர்காலத்தில் அதன் உள்ளங்காலிலும் ரோமம் மூடுவதால் அச்சு தெளிவாக விழாது.

காற்று பனியைத் துடைத்தெடுக்கும் மேட்டு விளிம்புகள், ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியிலுள்ள காய்ந்த தரை, வைக்கோல் உருளைகளின் காற்று மறைவு, வேலிமூலை, உறைந்த ஓடை வயலைச் சந்திக்கும் இடம் ஆகியவை எனக்குப் பலன் தந்தவை. புல் நின்ற ஓரங்களில் பனிக்கடியில் எலிகள் ஓடும். அந்த அரவத்தைக் காதால் கேட்டே நரி எம்பிக் குதித்துத் தலைகீழாய்ப் பனிக்குள் பாயும். அதை ஒருமுறை நேரில் பார்த்தவன் அந்த விலங்கை மதிக்காமல் இருக்க முடியாது.

ஒரு அடிப் பனி விழுந்துவிட்டால்?

கால்பொறியின் காலம் பெரும்பாலும் முடிந்தது. அப்போது சுருக்குக் கண்ணிக்கு மாறுவார்கள், சட்டம் அனுமதிக்கும் இடங்களில் மட்டும். ஆழப்பனியில் விலங்குகள் உழைப்பை மிச்சப்படுத்த ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கும். அந்தப் பாதை வேலிக்கடியிலோ புதருக்கு நடுவிலோ நுழையும் இடத்தில் எஃகுக்கம்பி வளையத்தைத் தொங்கவிடுவார்கள். கயோட்டிக்கு வளையத்தின் அகலம் 25 முதல் 30 செ.மீ.; அடிவிளிம்பு நடைபாதைப் பனிக்கு மேலே ஏறக்குறைய அதே உயரம். புதுப்பனி விழ விழ இந்த உயரம் மாறும், அதனால் ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் சரிசெய்தாக வேண்டும். மான் சிக்கினால் அறுந்து விடுவிக்கும் இணைப்பு இல்லாத கண்ணியை நான் தொடமாட்டேன்.

கடுங்குளிரில் வாசனை எடுபடுமா?

குறைவாகத்தான். குளிரில் எதுவும் எளிதில் ஆவியாகிப் பரவுவதில்லை, வாசனைக்காகத் தெளிக்கும் விலங்குச் சிறுநீரும் உறைந்துவிடும். அதனால் குளிர்கால வாசனை மருந்துகளில் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ கலப்பார்கள். தொலைவிலிருந்து இழுக்க ஸ்கங்க்கின் நாற்றச் சுரப்பி நீருக்கு ஈடில்லை. சில துளிகளைத் துளைக்குப் பக்கத்துக் குச்சியின் நுனியில் உயரமாக வையுங்கள், காற்று கொண்டுபோகும். வண்டிக்குள் சிந்தினால் அந்த வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள், கண்ணாடிக் குப்பியை இரட்டை டப்பாவில் வையுங்கள்.

தினமும் போய்ப் பார்த்தே ஆக வேண்டுமா?

ஆம். பல இடங்களில் சட்டமே அப்படிச் சொல்கிறது, சில இடங்களில் இடைவெளி கூடுதலாக அனுமதிக்கப்படுகிறது. குளிரில் அந்தக் கூடுதலை எடுத்துக்கொள்ளாதீர்கள். பொறி இறுக்கிய பாதத்தில் இரத்த ஓட்டம் குறையும். மைனஸ் இருபத்தைந்தில் அந்தப் பாதம் உறைந்துபோகும். இலையுதிர் காலத்தில் சில மணி நேரச் சிறைவாசமாக இருப்பது இங்கே உறுப்பிழப்பாக முடியும். இவ்விலங்குகள் இரவில்தான் அதிகம் நடமாடுகின்றன, ஆகவே விடிந்ததும் முதல் வேலையாகப் பொறிவரிசையைச் சுற்றி வாருங்கள். நாளை பனிப்புயல், சாலை மூடப்படும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் இன்றே எல்லாப் பொறிகளையும் விடுவித்துவிடுங்கள். சிக்கியதைத் தாமதமின்றி, ஒரே குண்டில், சட்டப்படி முடிக்க வேண்டும். அதற்கு மனமோ கையோ ஒத்துழைக்காதவர் பொறி வைக்கவே கூடாது.

விளிம்புகள் முழுவதும் நெருங்காமல் இடைவெளி விடும் கவ்விகள், தகடு சேர்த்துத் தடித்த கவ்விகள், பொறியின் நடுவில் இணைத்த குட்டையான சங்கிலி, சுழலும் இணைப்புகள் ஆகியவை காயத்தைக் கணிசமாகக் குறைக்கும். இவற்றுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமம் வேண்டும், பயிற்சி வேண்டும், நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். விவரம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், ஒவ்வோர் ஆண்டின் விதிப்புத்தகத்தையும் புதிதாகப் படியுங்கள்.

பின்னணி ஒன்று தெரிந்திருப்பது நல்லது. அப்போது ஐரோப்பியச் சமூகம் எனப்பட்ட ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் இயற்றிய ஒழுங்குமுறை, தன் எல்லைக்குள் கால்பொறியை 1995 முதல் தடைசெய்தது. அப்பொறிகளைப் பயன்படுத்தும் நாடுகளின் ரோமத்தை வாங்குவதையும் கேள்விக்குள்ளாக்கியது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றிடையிலான மனிதாபிமானப் பொறித் தர ஒப்பந்தம். அதில் 19 விலங்கினங்கள் உள்ளன. கயோட்டி உண்டு, செந்நரி இல்லை. ஆகவே கனடாவில் கயோட்டிக்குச் சான்றளிக்கப்பட்ட பொறி வேண்டும். நரிக்கும் அதையே பயன்படுத்துவது நம் கடமை என்பேன், வலி பட்டியல் பார்த்து வருவதில்லை. பொறிகளைச் சோதிக்கும் ஆய்வு அல்பர்ட்டாவின் வெக்ரவில் நகரில் நடந்து வந்திருக்கிறது.

தோலுக்கு நல்ல விலை கிடைக்குமா?

அதை நம்பி இறங்காதீர்கள். குளிரங்கிகளின் தொப்பி ஓரத்தில் கயோட்டி ரோமம் தைப்பது நாகரிகமாக இருந்தவரை மேற்கத்திய வெளிறிய தோல்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. 2019இல் வட அமெரிக்க ரோம ஏல நிறுவனம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்பு கோரியது. 2021இல் குளிரங்கி தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இப்போது பெட்ரோல் செலவு தேறினால் நல்ல ஆண்டு.

உரிக்கும்போது எதில் கவனம் தேவை?

உறைந்த உடலை அடுப்பருகே வைத்து அவசரமாக இளக்காதீர்கள், வெளியே வெந்து உள்ளே உறைந்தபடி கிடக்கும். குளிர்ந்த அறையில் ஓர் இரவு விடுங்கள். பனியோடு ஒட்டி உறைந்த ரோமத்தை இழுத்தால் பிய்ந்துவரும், வெதுவெதுப்பான நீர் ஊற்றி விடுவியுங்கள்.

நோய்தான் முக்கியம். கயோட்டி, நரி இவற்றின் குடலில் எக்கைனோகாக்கஸ் மல்டிலோக்குலாரிஸ் என்ற நாடாப்புழு இருக்கலாம். அதன் முட்டை மனித உடலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரலில் புற்றுநோய்போலப் பரவும் கட்டியாக வெளிப்படும். வீட்டு ஃப்ரீசரின் குளிர் அந்த முட்டைகளைக் கொல்லாது. மைனஸ் எண்பதில் நாட்கணக்கில் வைத்தால்தான் சாகும். "நன்றாக உறைந்துவிட்டது, பயமில்லை" என்று நினைப்பது பெரும் தவறு. கையுறை, முகமூடி இரண்டும் போடுங்கள், ரோமத்தை நனைத்துவிட்டு உரியுங்கள், குழந்தைகளையும் நாய்களையும் அப்பால் வையுங்கள். ரோமம் உதிர்ந்து தோல் தடித்த விலங்கு சொறிப்பூச்சி கண்டது, அதை உரிக்கவே வேண்டாம். வெறித்த பார்வையோடு பயமில்லாமல் அணுகும் நரியை வெறிநோய் கண்டதாகவே கருதி வனவிலங்கு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

என் உடம்பை எப்படிக் காப்பது?

காற்றுக்குளிர் அளவு (காற்றின் வேகத்தையும் சேர்த்து உடல் உணரும் குளிர்) மைனஸ் நாற்பதைத் தொட்டால் திறந்த தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையத் தொடங்கும். பொறியின் இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள், மனித வாடைக்காக மட்டுமல்ல, தோல் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கம்பளிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை. மண்டியிட ஒரு தடித்த பாய். ஏரி, ஓடைகளில் 15 செ.மீ. தெளிந்த ஐஸ் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

வளர்ப்பு நாய் சிக்கிவிட்டால்?

வலியில் கடிக்கும், முதலில் கோட்டைக் கழற்றித் தலைமேல் போர்த்துங்கள். கால்பொறியின் இரு பக்க நெம்புகோல்களையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்தினால் கவ்வி தளரும். கைபலம் போதாவிட்டால் பொறியைத் தரையில் வைத்து, பூட்ஸ் காலால் இரண்டையும் மிதியுங்கள். கண்ணியானால் கம்பி வெட்டும் குறடு தேவை, இப்பகுதியில் நாயோடு நடப்பவர்கள் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

கூடாது. குள்ளநரியும் வங்காநரி எனப்படும் இந்திய நரியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்டவை. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து ஓடவிடும் வழக்கத்தையே வனத்துறை தடுத்து அபராதம் விதிக்கிறது.

பருவம் முடிந்தபோது பொறி தரையோடு உறைந்து கிடந்தால்?

விட்டுவிட்டு வராதீர்கள். உறைந்த பொறி தூங்குகிறது, அவ்வளவுதான். மார்ச் வெயிலில் மண் இளகும் அன்று அது விழித்துக்கொள்ளும், அப்போது அதைப் பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். முதலில் நீளமான குச்சியால் தட்டைத் தட்டி விடுவிக்கப் பாருங்கள். அசையாவிட்டால் சுடுநீர்க் குடுவையோடு போய், தூர நின்று மெல்ல ஊற்றி இளக்கி எடுங்கள். பொறி வைத்த அன்றே ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து இடத்தைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், எத்தனை திரும்பின என்று எண்ணிப் பார்க்கலாம். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை மண்வெட்டியோடு மீண்டும் போக வேண்டும்.